எறக்காத லோடு

எங்க தெருவுல யாராவது இருமுனா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாக. விருதுநகர் பழைய மார்க்கெட்டுப் பக்கம் வீடு. மொளகா வத்தல் குடோனோட பின்சுவருக்கு நேர் எதுக்க எங்க வாசல். மூட்டை எறக்குனா தெருவே இருமும். பொண்ணு பாக்க வந்தவுகளும் இருமுவாக, எழவுக்கு வந்தவுகளும் இருமுவாக. எழவு வீட்டுல கண்ணுல தண்ணி வரலியேன்னு யாரும் கவலப்பட்டதே கெடையாது, வத்தலே பாத்துக்கிடும்.

அதனால நான் ஒரு மாசமா இருமுனதையும் வத்தல் தலையிலயே போட்டுட்டேன். காய்ச்சல் அடிச்சது, அதுவும் வத்தல் சூடுன்னு நெனச்சேன். மூச்சு வாங்குச்சு, வயசுன்னு நெனச்சேன். கடைசில ஒருநா காலம்பர குழாய்த் தண்ணிக்குக் கொடத்தத் தூக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. முழிச்சுப் பாத்தா ஆட்டோவுல பக்கத்து வீட்டு வள்ளி மடியில கெடக்கேன். நான் கேட்ட மொத வார்த்த, "கொடத்த யாருட்டி எடுத்து வச்சா?"

"ஒங்க கொடத்துல இடி விழ, வாய மூடிக்கிட்டு வாங்கக்கா"ன்னா.

மூணாங்கிளாஸோட படிப்ப நிப்பாட்டுனவ நான். எழுத்துக்கூட்டி, பேசுற மாதிரியேதான் எழுதுறேன். ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்த நாளச் சொன்னா நாலு குடும்பத்துக்கு உதவுமேன்னு எழுதுறேன். ஆளுக பேரையெல்லாம் மாத்திட்டேன், எம்பேரையும் சேத்துத்தான். கிழவி வெவரமானவ.

பெரியாஸ்பத்திரியில பொம்பளைக வார்டுல சன்னல் ஓரமாக் கட்டில் குடுத்தாக. நெஞ்ச எக்ஸ்ரே எடுத்தாக. டாக்டரம்மா சின்னப் பிள்ள, எம்பேத்திய விட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். படத்த வெளிச்சத்துல காட்டி, "பாட்டி, நுரையீரலுக்குள்ள திராட்சக் கொத்து மாதிரி குட்டிக் குட்டிப் பை இருக்கும். இழுக்குற காத்து அங்கதான் போகும். அங்க இருந்துதான் ரத்தம் காத்த எடுத்துக்கிட்டு ஒடம்பெல்லாம் கொண்டுபோகும். ஒங்களுக்கு இந்தப் பக்கம் பையெல்லாம் சளி நெறஞ்சு கெடக்கு. நிமோனியா"ன்னு சொன்னாக.

"வத்தல் இல்லையா?"ன்னேன்.

"வத்தல் இல்ல."

எனக்கு வருத்தமாப் போச்சு. அறுபது வருசமாக் கூடவே இருந்த நெடியச் சும்மா பழி சொல்லிட்டேனேன்னு.

ரத்தத்தப் பாத்துட்டு டாக்டரம்மா மொகம் மாறிருச்சு. "இவ்வளவு கம்மியா ரத்தத்த வச்சுக்கிட்டு எப்படிப் பாட்டி தண்ணிக்கொடம் தூக்குனீங்க?"ன்னாக. எனக்கு எப்பவுமே ரத்தம் கம்மிதான். மூத்தவன உண்டாயிருந்தப்ப ஒரு நர்ஸம்மா இரும்புச் சத்து மாத்திரை குடுத்தாக. அதுல இருந்து யாரு பாத்தாலும் கண்ணு எமையக் கீழ இழுத்துப் பாப்பாக, மாத்திரையக் குடுப்பாக. நான் முழுங்குன இரும்புக்கு, என்னய எடைக்குப் போட்டா பழைய இரும்புக் கடக்காரன் நல்ல வெலைக்கு எடுத்துக்கிடுவான்.

இப்ப என் ரெண்டு புள்ளைகளப் பத்திச் சொல்லிருதேன்.

மூத்தவன் பாண்டி. விருதுநகர்லயே வத்தல் யாவாரம். குடும்பத்தோட சூலக்கரைப் பக்கம் வீடு. அவன் மக சுகன்யா, என்னய அப்பத்தாம்பா. இளையவ ஜெயா, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்துல வாக்கப்பட்டிருக்கா. அவ வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனில போர்மேன். மகன் கார்த்தி, சிவகாசியில பிரஸ்ஸுல வேல, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற எடம். அவன் என்னய அம்மாச்சிம்பான்.

அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பேச்சு வார்த்த கெடையாது. கார்த்திக்குக் காது குத்துனப்ப தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுக் குத்தணும்ல. தாய்மாமன் ஆந்திரா லோடு வந்துருச்சுன்னு லாரிக்குப் பின்னாடி போயிட்டான். நல்ல நேரம் தாண்டுது, புள்ள அழுவுது, கடைசியில வேற யாரோ பெரியப்பன் மொறக்காரர் மடியில வச்சுக் குத்திட்டாக. பாண்டி வந்து பாத்தா காதுல கம்மல் மின்னுது. அன்னைக்குத் திரும்புன மொகந்தான் ரெண்டு பேருக்கும்.

நானும் எல்லாம் செஞ்சு பாத்தேன். கடைசியில பெரிய வேலையா ஒண்ணு செஞ்சேன். கார்த்திக்கு சுகன்யா மாமன் மக, மொறப்பொண்ணு. ரெண்டும் போன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்குதுகன்னு எனக்குத் தெரியும். நடுவுல நின்னு பேசி முடிச்சேன். தை மாசம் கல்யாணம். சம்பந்தியா வந்து நின்னா பேசித்தானே ஆகணும்? நான் போறதுக்குள்ள என் ரெண்டு புள்ளைகளும் ஒரு பந்தியில ஒக்காந்து சாப்புடுறதப் பாக்கணும், அம்புட்டுத்தான் எனக்கு வேண்டியது.

நான் படுத்தது தீவாளி சீசன்ல. அச்சங்குளத்துல எல்லாரும் ஓவர்டைமு. பாண்டிக்கும் லோடுக்கு மேல லோடு. மொத நா ரெண்டு பேரும் தனித்தனியா வந்து எட்டிப் பாத்தாக. அப்புறம் சாப்பாடுதான் வந்துச்சு, ஆளு வரல. பாண்டி வீட்டுல இருந்து கடப் பையன் தூக்குவாளியக் கொண்டாந்து வச்சுட்டு ஓடுவான். ஜெயா அந்தப் பக்கம் இருந்து வர்ற யார்ட்டயாவது குடுத்து விடுவா. இவ வாளியக் கொண்டு வந்தவுக, "அங்கன அண்ணன் வீட்டு வாளி இருக்கு"ன்னு போயிச் சொல்வாக. சரி, அண்ணி கூட இருக்கான்னு இவ நெனச்சுக்கிட்டா. அவன் வீட்டுலயும் அதே கததான். மக பாத்துக்கிடுதான்னு அவுக நெனச்சுக்கிட்டாக.

நானும் சொல்லல. கேட்டு வாங்குற பாசத்துல உப்பு இருக்காதுன்னு ஒரு வீம்பு.

ரெண்டு தூக்குவாளியும் என் கட்டிலுக்குப் பக்கத்துல ஒண்ணோட ஒண்ணு பேசாம ஒக்காந்திருந்துச்சுக. அப்படியே எம்புள்ளைக சாயல்.

பக்கத்துக் கட்டில்ல அருப்புக்கோட்ட சண்முகத்தாய். சர்க்கரையில கால்ல புண்ணு. அவளச் சுத்தி எந்நேரமும் ஆறேழு பேரு. ஒருத்தி தல வாருவா, ஒருத்தி காலப் புடிப்பா, ஒருத்தன் சும்மா நின்னு கொட்டாவி விடுவான். நான் கேட்டேன், "ஏ சம்முகத்தாயி, ஒங்கூட்டத்துல ரெண்டு பேர எனக்குக் கைமாத்தாக் குடேன். சாயங்காலம் திருப்பித் தந்துருதேன்."

"கொட்டாவி விடுதான்ல, அவன எடுத்துக்கோங்க மதினி. திருப்பியே தர வேணாம்"னா.

சிரிச்சோம். சிரிப்பு முடிஞ்சதும் அவளுக்கு அவ கூட்டம் இருந்துச்சு. நான் சன்னலப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். வெளிய ஒரு வேப்ப மரம். அது கெளைய எண்ணலாம்னா காத்துக்கு நிக்கவே மாட்டேன்னுருச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம கார்த்தி வந்தான். கையில மையி, சட்டையில மையி. "அம்மாச்சி, இதப் பாருங்க"ன்னு சட்டப் பைக்குள்ள இருந்து எடுத்தான். கல்யாணப் பத்திரிக்க. அவன் பிரஸ்ஸுல அவனே பிளேட்டுப் போட்டு, சரியா விழுதான்னு பாக்க ஒண்ணே ஒண்ணு அடிச்சிருக்கான். மயில் ரெண்டு எதுத்து எதுத்து நிக்குது.

"என்னலே மயிலு சரவெடி கலர்ல இருக்கு? திரி எங்கன இருக்கு?"ன்னேன்.

"போங்க அம்மாச்சி. அவளுக்குப் புடிச்ச கலரு"ன்னான். காது ரெண்டும் செவந்துருச்சு. அன்னைக்குக் குத்துன காது.

அவன் போனப்புறம் வாளியத் தொறந்தேன். ஒண்ணுல சுவரொட்டி வறுவலு, ஒண்ணுல சுவரொட்டி சூப்பு. ரத்தம் ஊறணும்னா எங்க பக்கம் ஆட்டுச் சுவரொட்டிதானே. மண்ணீரல்னு படிச்சவுக சொல்லுவாக. மருமக ஒரு ஆட்டையும் மக ஒரு ஆட்டையும் தேடிப் புடிச்சு அறுத்திருக்காக.

டாக்டரம்மா வந்து மோந்து பாத்துட்டுக் கேட்டாக, "பாட்டி, ஒங்க சிவப்பணு எங்க போயி ஒடையுது தெரியுமா?"

"எங்கன?"

"ஒங்க சொந்த மண்ணீரல்ல."

"அடக் கொடுமையே. அப்ப ரத்தத்த ஒடைக்கிற மகராசனையா நான் தின்னுக்கிட்டு இருக்கேன்?"

அவுகளுக்குச் சிரிப்பு அடக்க முடியல. கட்டில்லயே ஒக்காந்துட்டாக. ஒரு ஆளு என் கட்டில்ல ஒக்காந்து ரொம்ப நாளாச்சா, மெத்த அமுங்குனதும் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

அவுக சொன்னத எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுதேன். ரத்தத்தப் பூதக் கண்ணாடியில வச்சுப் பாத்தா செவப்பா வட்ட வட்டமா பொடிசு பொடிசாத் தெரியுமாம். அதுதான் சிவப்பணு. செல்லுன்னும் சொல்லுதாக. ஒடம்பே செல்லாலதான் கட்டியிருக்காம், வீட்டுக்குச் செங்கல் மாதிரி. இந்தச் செவப்புச் செல்லுக்கு வேல லோடு அடிக்கிறது. நுரையீரல்ல போயிக் காத்த ஏத்திக்கிட்டு, நெஞ்சு தள்ளுற தள்ளுல ஓடி, கை காலு மூளன்னு எறக்கிட்டு, காலியாத் திரும்பி வரும். எலும்புக்குள்ள மஜ்ஜையிலதான் இத உண்டாக்குறது. நாம நல்லி எலும்பத் தட்டித் தட்டி உறிஞ்சுறோம்ல, அதே எடந்தான் பாக்டரி. மூணு நாலு மாசம் ஓடுனா வண்டிக்கு வயசாயிரும், மண்ணீரலுக்குப் போயி ஒடையும். லாரிய ஒடைச்சு எடைக்குப் போடுற எடம் மாதிரி.

"ஒங்க செல்லு ரொம்பச் சின்னது, வெளிறிப் போயி இருக்கு"ன்னாக.

"நானே குட்டதானே டாக்டரம்மா."

"இரும்புச் சத்து கொறைஞ்சாலும் செல்லு இப்படித்தான் சின்னதாத் தெரியும். அதான் எல்லாரும் மாத்திரையாக் குடுத்திருக்காங்க. ஆனா நான் இரும்பையும் பாத்துட்டேன். ஒங்களுக்கு இரும்பு கம்மியே இல்ல. வேற என்னமோ இருக்கு. மதுரைக்கு ரத்தம் அனுப்பணும்."

மதுரைக்கு எடுத்ததுக்கு அப்புறந்தான் ஒரு பை ரத்தம் ஏத்துனாக. முந்தியே ஏத்திட்டா எது என்னுது, எது ஊராரு ரத்தம்னு தெரியாதாம். சொட்டுச் சொட்டா எறங்குறதப் பாத்துக்கிட்டே கெடந்தேன். யாரு ரத்தமோ. ஆம்பளையா பொம்பளையா, என்ன ஊரு, என்ன சாப்புடுவாகளோ. யாரோ ஒருத்தர் வந்து எனக்குள்ள எறங்கி, நான் இருக்கேன் ஆத்தான்னு தொணைக்கு ஒக்காந்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு நல்லாத் தூங்குனேன்.

மதுரை சேதி ஒரு மத்தியானம் வந்துச்சு. "பாட்டி, கூட யாரு இருக்கா?"ன்னு கேட்டாக டாக்டரம்மா.

"இந்தா, ரெண்டு தூக்குவாளி இருக்குல்ல. ரெண்டுகிட்டயும் சொல்லுங்க."

அவுக சிரிக்கல. மறுபடியும் கட்டில்ல ஒக்காந்தாக. பேரு சொன்னாக, தலசீமியா. எனக்கு இருக்கிறது அதுல பாதிதான், நான் பயப்பட வேண்டியது இல்லன்னாக. ஒடம்ப எப்படிச் செய்யணும்ங்கிற வெவரம் ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்குமாம், ஜீனுன்னு பேராம். எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு. ஒண்ணு அப்பா குடுக்குறது, ஒண்ணு அம்மா குடுக்குறது.

"எம்பேரன் பிரஸ்ஸுல பிளேட்டு வச்சிருப்பான். பிளேட்டுல கீறல் விழுந்தா அடிக்கிற லேபிளு அம்புட்டுலயும் கீறல் விழும். அது மாதிரியா?"ன்னேன்.

"அதேதான் பாட்டி! ரத்தம் செய்யுற பிளேட்டு ஒங்கள்ட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு நல்லது, ஒண்ணுல கீறல். நல்லத வச்சே இத்தன வருசம் சமாளிச்சிட்டீங்க. உங்களுக்கு இது வியாதியே இல்ல. நீங்க அத அடுத்த தலைமுறைக்குக் கடத்துறவங்க, அவ்வளவுதான்."

"கடத்தல்காரின்னு வெளிய சொல்லிராதீக. தெருவுல எனக்கு நல்ல பேரு."

"ஒங்க வீட்டுக்காரர் சொந்தமா?"

"என் மாமன் மகன்தான். போயி எட்டு வருசமாச்சு."

"கொழந்தைங்க ரெண்டு பேரா?"

"இருக்கிறது ரெண்டு. பெத்தது மூணு."

டாக்டரம்மா பேனாவக் கீழ வச்சுட்டுக் கேட்டாக, "அந்தக் கொழந்தைக்கு என்ன ஆச்சு?"

பாண்டிக்கும் ஜெயாவுக்கும் நடுவுல பொறந்தவன். ராசுன்னு கூப்புடுவோம். பொறந்தப்ப அவனப் போல அழகு கெடையாது. ஆறு மாசத்துல இருந்து வெளுக்க ஆரம்பிச்சான், சுண்ணாம்பு மாதிரி. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானையா வீங்குச்சு. தாயத்துக் கட்டுனோம். இருக்கன்குடிக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயி மண்சோறு சாப்புட்டேன். சவலைன்னாக, தோசம்னாக. கடைசியில என் மாமியா முடிவாச் சொன்னா, இவ பாலு சரியில்ல, பாலுதான் புள்ளயக் குடிக்குதுன்னு. ரெண்டு வயசு முடியல, போயிட்டான். அதுக்கப்புறம் ஜெயா பொறந்தா. அவளுக்கு எம்பால குடுக்க விடல. பச்சத்துணிய நெஞ்சுல இறுக்கிக் கட்டி விட்டா மாமியா. பக்கத்து ரூம்புல புள்ள பசும்பாலுக்கு அழுவா, இங்கன எனக்குச் சீல நனையும்.

டாக்டரம்மா பேனாவ எடுத்து அத எழுதிக்கிட்டாக. அப்புறம் சொன்னாக. "ரத்தம் சரியா ஊறாததால மண்ணீரல் வீங்கும் பாட்டி. அந்த வயிறு அதுதான். ரெண்டு பிளேட்டும் கீறலா வந்தா கொழந்தைக்கு அப்படித்தான் ஆகும். ஒங்கள்ட்ட இருந்து ஒண்ணு, உங்க வீட்டுக்காரர்ட்ட இருந்து ஒண்ணு. இத்தன வருசம் கழிச்சு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றத வச்சுப் பாத்தா அதுதான்."

"அப்ப பாலு?"

"பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

நான் சன்னலப் பாத்துத் திரும்பிக்கிட்டேன். பாலு நல்ல பாலுதானாம். இத யார்ட்டப் போயிச் சொல்ல? மாமியா போயி எம்புட்டோ காலமாச்சு. அந்த மனுசன்ட்டயாவது சொல்லலாம்னா அவரும் இல்ல. ராசு செத்த அன்னைக்கு அவரு ஒரு வார்த்த பேசல. அவரும் பாலுன்னுதான் நெனச்சாரா, இல்ல எனக்காக வருத்தப்பட்டாரா, கேக்காமலே விட்டுட்டேன். சம்முகத்தாயி கூட்டம் ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. உலகத்துல இந்தச் சேதி வேண்டிய ஆளுன்னு உசுரோட இருக்கிறது நான் ஒருத்திதான்.

"பாட்டி, பேரன் பேத்தி யாருக்காவது கல்யாணம் பாக்குறீங்களா?"ன்னு டாக்டரம்மா கேட்டாக.

"தை மாசம்"னேன். "என் மகன் மகளுக்கும் என் மக மகனுக்கும்."

அவுக கழுத்துல கெடந்த கொழலக் கழட்டி மடியில வச்சாக. "ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்தே ஆகணும். ஒருத்தருக்கு இருந்து இன்னொருத்தருக்கு இல்லன்னா கவல இல்ல. ரெண்டு பேருக்கும் இருந்தாத்தான்..."

எனக்கு ராசு வயிறு கண்ணு முன்னாடி நின்னுச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் தூக்குவாளிகளையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்? கூடவா யாரும் இருந்தாக? கல்யாணம் நடக்கும், எம்புள்ளைக ஒரே பந்தியில ஒக்காரும். சொன்னா மறுபடியும் ஆளுக்கொரு மூலைக்குப் போயிருவாக, எனக்குத் தூக்குவாளிதான் மிச்சம். ஆனா சுகன்யா கையில ஒரு புள்ளய நெனச்சுப் பாத்தேன். வெளுத்த புள்ள. அவ பாலையும் நாலு பேரு பேசுவாகளோன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான், போன எடுத்துட்டேன்.

பாண்டிட்ட சொன்னேன், "ஏலே, டாக்டரு வீட்டாளுகளக் கூப்புடுறாக. நீ லோடு பாரு, ஜெயா வாறேன்னுட்டா. அவளே எல்லாத்தையும் பாத்துக்கிடுதாளாம்."

ஜெயாட்ட சொன்னேன், "ஒங்கண்ணன் வந்துட்டான் தாயி. தங்கச்சிய ஏன் தொந்தரவு பண்ணணும், நானே போதும்ங்கான்."

மறுநா காலம்பர ரெண்டும் மூச்சு வாங்க வந்து நின்னுச்சுக, எம்புட்டுச் சீசனா இருந்தாலும். பெத்தவளுக்குத் தெரியாதா, எந்தத் திரிய எங்கன பத்த வைக்கணும்னு. சுகன்யாவையும் கார்த்தியையும் கூட்டியாரச் சொன்னதால அதுகளும் பின்னாடியே வந்துச்சுக.

"நீதான் கூட இருக்கேன்னு நெனச்சேன்"ன்னான் பாண்டி, சுவத்தப் பாத்து.

"அண்ணி இருக்கான்னுல்ல நான் நெனச்சேன்"ன்னா ஜெயா, வேப்ப மரத்தப் பாத்து.

"அப்ப எங்கூட யாரு இருந்தா?"ன்னு கேட்டேன். ரெண்டு பேரும் தூக்குவாளியப் பாத்தாக.

டாக்டரம்மா எல்லாத்தையும் வெளக்குனாக. ஜெயாவுக்குக் கோவம் வந்துருச்சு. "ரத்தம் அது இதுன்னு சொல்லி மொதல்லயே தட்டிக் கழிக்கப் பாக்குறாகளா? காது குத்துக்கு வராத மனுசன்தானே."

"யாரு தட்டிக் கழிக்கா? பத்திரிக்கைக்குப் பேரு எழுதிக் குடுத்தவன் நான்"ன்னான் அவன்.

"ராசுவ நெனப்பிருக்காலே?"ன்னு கேட்டேன்.

ராசு போனப்ப பாண்டிக்கு அஞ்சு வயசு. "வயித்தத் தட்டிப் பாப்பேன்மா. டம் டம்முன்னு கேக்கும். அவனும் சிரிப்பான். வெளையாட்டுன்னு நெனச்சுட்டேன்"ன்னான். பெரிய மீச வச்ச ஆளு, மொகத்தத் துண்டால மூடிக்கிட்டான். ஜெயா அந்த அண்ணன பாத்ததே கெடையாது. மெதுவாப் போயி இந்த அண்ணன் முழங்கையத் தொட்டா.

சின்னஞ்சிறுசுக ரெண்டும் ஒரே பெஞ்சுல ஒக்காந்து ரத்தம் குடுத்துச்சுக. ஊசியப் பாத்ததும் கார்த்தி கண்ண இறுக்கி மூடிக்கிட்டான்.

"பட்டாசு ஊருக்காரரு மச்சான் நீங்க. எறும்புக் கடிக்குக் கண்ண மூடுறீக"ன்னா சுகன்யா.

"வெடிச்சா ஓடிரலாம்ல. இது ஓட விடாதுல்ல"ன்னான்.

அவ அவன் கையப் புடிச்சுக்கிட்டா. நானும் பாக்காத மாதிரி மரத்தப் பாத்தேன்.

சேதி வர்ற வரைக்கும் என் கட்டிலச் சுத்தி கூட்டந்தான். அண்ணனும் தங்கச்சியும் ஒரே பிளாஸ்க்குல காப்பி குடிச்சாக. சம்முகத்தாயி, "என்ன மதினி, எங்கூட்டத்தத் தாண்டிருவீக போல"ன்னா. எனக்குச் சிரிக்க முடியல. நான் ஆசப்பட்டது நடக்குது, கெட்ட நேரத்துல வந்து நடக்குது.

ரெண்டு பேருக்கும் இருந்துச்சு.

டாக்டரம்மா ஒளிக்காமச் சொன்னாக. ஒவ்வொரு புள்ளைக்கும் நாலு விதமா ஆகலாம். அதுல ஒண்ணுல கீறலே இல்லாம வரும். ரெண்டுல என்னய மாதிரி, கார்த்தி சுகன்யா மாதிரி வரும். மிச்ச ஒண்ணுல ராசு மாதிரி. இப்ப மாசா மாசம் ரத்தம் ஏத்தி வளக்குறாக, ராசு காலம் இல்ல. வயித்துல இருக்கும்போதே பாக்குறதுக்கும் டெஸ்ட் இருக்கு. கட்டிக்கிடவே கூடாதுன்னு இல்ல, தெரிஞ்சு முடிவெடுக்கணும்னாக.

எல்லாரும் ஒவ்வொண்ணு பேசுனாக. சுகன்யா மட்டும் என் கட்டில் ஓரமா வந்து ஒக்காந்தா.

"அப்பத்தா, ராசுச் சித்தப்பா கடைசில ரொம்ப அழுதாகளா?"

பொய் சொல்லலாம்னு பாத்தேன். வாய் வரல. "அழுறதுக்குத் தெம்பு இல்ல தாயி"ன்னேன்.

அவ எந்திரிச்சு கார்த்தி முன்னாடி போயி நின்னா. "வேணாம் மச்சான். ஒவ்வொரு தடவையும் டெஸ்ட்டு வர்ற வரைக்கும் வயித்துல கைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க என்னால முடியாது"ன்னா. அவன் அவளையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் சரிங்கிற மாதிரி தல ஆட்டுனான். கையில இருந்த மையத் தேச்சுக்கிட்டே வெளிய போயிட்டான்.

எனக்கு இருமல் நின்னுச்சு. எக்ஸ்ரேயில பையெல்லாம் தெளிஞ்சிருச்சு. இனிமே சும்மா இரும்பு மாத்திரை முழுங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்தாக. கெளம்புறப்ப, "சுவரொட்டி சாப்புடலாமா?"ன்னு கேட்டேன். "ருசிக்குச் சாப்புடுங்க பாட்டி, ரத்தத்துக்கு வேணாம்"னாக. பாண்டி ஆட்டோவுல கொண்டாந்து எறக்கி விட்டான்.

இதப் படிக்கிறவுகளுக்கு ஒண்ணு சொல்லுதேன். ஒங்க வீட்டுல மொறப் பையன், மொறப் பொண்ணு பேச்சு இருந்தா, ஏன் சொந்தம் இல்லாத அசல்லயே பாத்தாலும், ஜாதகத்த எடுக்குற அன்னைக்கே ரத்தத்தையும் பாத்துருங்க. மையி காயாத பத்திரிக்கைய வச்சுக்கிட்டுப் பாக்க வேணாம்.

அண்ணனும் தங்கச்சியும் இப்பச் சண்டையும் போடல, பேசவும் இல்ல. பாத்தா ராசு ஞாவகம் வந்துரும்னு இருக்குமோ என்னமோ. தூக்குவாளி மட்டும் ரெண்டு வீட்டுல இருந்தும் வருது.

சாயங்காலம் ஆனா போன் வரும். கார்த்தி ஷிப்டு முடிஞ்சு கூப்புடுவான். சாப்புட்டீகளா, மூச்சு வாங்குதா, மழ பேஞ்சுச்சான்னு எல்லாம் கேட்டுட்டு ஒரு நா சொன்னான், "அம்மாச்சி, அந்தப் பத்திரிக்க பிளேட்டு இன்னும் ராக்குலதான் இருக்கு. அழிக்கச் சொல்லுதாக. கை வரல." சுகன்யாவும் கூப்புடுவா. "அப்பத்தா, மச்சான் ராத்திரி ஷிப்டுல சாப்புடுதாகளான்னு கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லிராதீக"ம்பா.

எம்மருமகன் கம்பெனில ஒவ்வொரு வெடிமருந்தையும் ஒவ்வொரு ரூம்புல வச்சிருப்பாக. தனித்தனியா இருந்தா சாம்பல் மாதிரி சும்மா கெடக்குமாம், சேத்தாத்தான். அதனால நான் அவ சொன்னத அவன்ட்டச் சொல்றது இல்ல. அவன் சொன்னத அவகிட்டச் சொல்றது இல்ல. ரத்தம் அங்கன ஏத்துனத இங்கன எறக்கிரும். நான் ஏத்துனத எறக்காம வச்சிருக்கேன், ரெண்டு பக்கத்து லோடையும்.

நேத்தும் கார்த்தி கூப்புட்டான். எல்லாம் பேசி முடிச்சுட்டு, கடைசியில கேட்டான், "அம்மாச்சி, அவ எதும் கேட்டாளா?"

"இல்லலே"ன்னேன்.

"சரி அம்மாச்சி. தூங்குங்க."

போன வச்சுட்டு வாசல்ல ஒக்காந்து சீல முந்தானையால கண்ணத் தொடச்சேன். வள்ளி கொடத்தோட போனவ நின்னு பாத்தா.

"என்னக்கா, வத்தல் நெடியா?"

"ஆமாட்டி, இன்னைக்கு ரொம்பக் காரம்"னேன்.

அவளும் தலைய ஆட்டிக்கிட்டுப் போயிட்டா. குடோன் கதவு காலம்பர இருந்து பூட்டித்தான் கெடந்துச்சு.